சித்தேரியில் விட்ட சாமி மீன்

மீன் குஞ்சை எப்படிப் பிடிப்பது, எந்தத் தண்ணீரில் விடுவது, எப்போது வலை போடுவது என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர என்னைவிடப் படித்தவர்கள் வந்துபோகிறார்கள். நான் அந்தப் பக்கம் போகப்போவதில்லை. நம்முடைய வேலையில் மீனுக்கும் ஏரிக்கும் நடுவே ஊர் என்று ஒன்று நிற்கிறது. அதற்கு வகுப்பு கிடையாது. எனக்கு அந்தப் பாடம் நடந்தது திருத்தணியில், ஓர் ஆடிக் கிருத்திகை அன்று.

யுத்த காலம் அது. அரிசிக்கு வரிசையில் நின்ற காலம். ஜனங்களின் சாப்பாட்டுக்கு வழி செய்யவேண்டும், ஏரி குளங்களில் எல்லாம் மீன் வளர்க்கவேண்டும் என்று எங்கள் மீன் இலாகாவுக்கு மேலிடத்திலிருந்து உத்தரவு. அதற்காக ஆடி மாசத்தில் ஆள் எடுப்பார்கள். கோடையில் ஏரி வற்றி மீன் பிடித்து முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சீசன் ஆள் என்று எங்களுக்குப் பெயர். அடுத்த ஆடிக்கு மறுபடி கூப்பிடுவார்களா இல்லையா என்பது இன்ஸ்பெக்டர் கையில் இருந்தது. ஆகவே அவர் தும்மினால்கூட நாங்கள் எழுந்து நிற்போம்.

அன்றைக்கு எங்களுக்கு இட்ட வேலை, அரக்கோணத்துப் பக்கம் ஒரு குட்டையில் சேர்த்துவைத்திருந்த கெண்டைக் குஞ்சுகளை ரயிலில் திருத்தணிக்குக் கொண்டுபோய், ஊருக்கு அப்பால் இருக்கிற பெரிய ஏரியில் விடுவது. நாளைக்கு ஆடிக் கிருத்திகை, திருத்தணியில் கால் வைக்க இடம் இருக்காது, ஒரு நாள் கழித்துப் போகிறோம் என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லிப் பார்த்தேன். மீனுக்குப் பஞ்சாங்கம் தெரியாது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. குஞ்சுகளைக் குட்டையிலிருந்து எடுத்துப் பயணத்துக்காகப் பட்டினி போட்டாயிற்று. இனி தாமதித்தால் ஒன்றும் தேறாது.

என்னோடு வந்தவன் ஏகாம்பரம். அம்மையார்குப்பத்து நெசவுக் குடும்பம். யுத்தத்தில் நூல் கிடைக்காமல் தறி நின்றுபோனதால் எங்களோடு சீசன் வேலைக்கு வந்தவன். என்னைவிட இரண்டு மூன்று வயசு மூத்தவன், நல்ல உயரம், சட்டென்று எதற்கும் கலங்கமாட்டான். ஆளுக்கு ஒரு மூங்கில் தடி, தடியின் இரண்டு முனையிலும் உறியில் ஒரு பானை. மொத்தம் நான்கு பானை. இப்போது நீங்கள் பிளாஸ்டிக் பையில் ஆக்சிஜன் அடைத்துக் கொண்டுபோகிறீர்கள். எங்களுக்கு ஆக்சிஜன் எங்கள் கைதான். பானைத் தண்ணீரை விடாமல் கையால் அளைந்து அளைந்து விடவேண்டும். கை நின்றால் குஞ்சு மேலே வந்து வாயைப் பிளக்கும்.

ரயில் வழியில் நின்று நின்று போயிற்று. பெட்டி முழுக்கக் காவடிக்காரர்கள். அந்த நெரிசலில் பானை வாயில் கட்டியிருந்த துணிகள் கிழிந்துபோயின. ஏகாம்பரம் திருவிழாவில் விற்கலாம் என்று அண்ணன் தறியில் நெய்த மஞ்சள் துணி ஒன்றை மூட்டையில் வைத்திருந்தான். அதையே கிழித்து நான்கு பானைக்கும் கட்டினான். வெயில் உறைக்கிறது என்று திருத்தணி ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு வேப்பமரத்தில் கொத்துக் கொத்தாகக் கிளை ஒடித்துப் பானைகளுக்கு மேலே செருகினான். செய்த இரண்டு காரியமும் மீனுக்கு நல்லது. தண்ணீர் அளைந்ததில் இருவரும் தலை முதல் கால் வரை நனைந்திருந்தோம். காலில் செருப்பு இல்லை. தோளில் தடி, தடியில் மஞ்சள் துணி கட்டிய பானை, பானைமேல் வேப்பிலை. எங்களை நாங்களே பார்க்க வழி இல்லாததால் இது எப்படித் தோன்றும் என்று எங்களுக்கு உறைக்கவில்லை.

இலாகா பேசியிருந்த மாட்டுவண்டி கூட்டத்துக்குள் வரமுடியாமல் ஊரின் அந்தக் கடைசியில் நின்றிருந்தது. நாங்கள் கூட்டத்தைக் கடந்து அங்கே போகவேண்டும். பத்தடி போனதும், வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் எங்கள் பானைக்குள் எட்டிப் பார்த்தார். குஞ்சுகள் துள்ளியதைப் பார்த்தார். அப்படியே தெருவில் நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தார். எழுந்து, மச்சக் காவடி வருது, வழி வுடுங்க என்று உரக்கக் குரல் கொடுத்தார்.

முருகனுக்கு உயிர் மீனைப் பானையில் எடுத்துப்போகிற வேண்டுதல் ஒன்று உண்டு. மச்சக் காவடி என்பார்கள். கேள்விப்பட்டவர்கள் நிறைய, கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. அந்தப் பெயர் காதில் விழுந்ததும் கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஏகாம்பரத்தின் காதில் சொன்னேன்.

"சொல்லு. சொல்லிட்டு இந்த ஜனத்தைத் தாண்டிப் போ பாக்கலாம்" என்றான்.

தடியைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தேன். வழி விட்டார்களே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்த வழி மலைக்கு மட்டும்தான் போகிறது என்பது கொஞ்ச தூரம் போனபிறகு தெரிந்தது. வண்டி நின்ற பக்கம் திரும்பலாம் என்றால் தோளைப் பிடித்துத் திருப்பி, சாமி, படிக்கட்டு இந்தப் பக்கம் என்று அன்பாக வழிகாட்டினார்கள். பம்பைக்காரர்கள் இருவர் முன்னால் சேர்ந்துகொண்டார்கள். பெண்கள் குடம் குடமாக எங்கள் காலில் தண்ணீர் ஊற்றினார்கள். அதுவரை பரவாயில்லை. திடீரென்று ஒருவர் ஒரு செம்பு நிறையப் பாலை எடுத்துக்கொண்டு அபிஷேகம் செய்ய என் முன்பானையை நோக்கி வந்தார்.

பால் உள்ளே போனால் குஞ்சு அத்தனையும் அங்கேயே முடிந்தது. நான் தடியோடு ஒரு சுற்றுச் சுற்றிப் பானையைப் பின்னால் கொண்டுபோனேன். ஏன் சாமி, பால் ஆகாதா என்று அவர் முகம் வாடிக் கேட்டார். சர்க்கார் மீன் என்று அந்த இடத்தில் சொன்னால் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. என் வாயில் வந்தது வேறு.

"வேண்டுதல் அப்படிங்க. பால் கூடாது. பச்சத் தண்ணி மட்டும். அதுவும் ஒசரத் தூக்கி ஊத்தணும்."

சொல்லி முடிக்கவில்லை, துணியை விலக்கிக்கொண்டு நாலு பக்கமிருந்தும் குடம் தூக்கி ஊற்ற ஆரம்பித்தார்கள். கிணற்றுத் தண்ணீர், குளிர்ந்த தண்ணீர், உயரத்திலிருந்து நுரைத்துக்கொண்டு விழுந்தது. வாயைப் பிளந்துகொண்டிருந்த குஞ்சுகள் அடியில் இறங்கி ஓட ஆரம்பித்தன. உங்கள் பண்ணையில் மோட்டார் செய்கிற வேலையை அன்றைக்குத் திருத்தணிப் பெண்கள் செய்தார்கள். கூட்டத்தோடு மல்லுக்கு நிற்காதீர்கள், அதற்கு ஒரு வேலை கொடுங்கள் என்று நான் இன்றைக்கும் சொல்வது இதை வைத்துத்தான்.

ஆனால் மலை நெருங்கிக்கொண்டே வந்தது. படியேறினால் மேலே போய்ச் சேர்வது பானைதான், மீன் இல்லை. அடிவாரத்துக் குளத்தில் விடலாமென்றால் அத்தனை ஜனமும் எண்ணெய் தேய்த்து முழுகிக்கொண்டிருந்தது. இன்னது செய்வதென்று தெரியாமல் ஏகாம்பரத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவன் ஆடிக்கொண்டிருந்தான்.

பம்பைச் சத்தமோ, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத வயிறோ, வெயிலோ, எனக்குத் தெரியாது. கண் சொருகி, தடியோடு இடமும் வலமும் ஆடினான். எனக்கு அவனைவிட அவன் பானைகளைப் பற்றித்தான் பயம். பக்கத்தில் இருந்தவர்களை ஆளுக்கு ஒரு பானையைக் கையால் தாங்கிப் பிடிக்கச் சொல்லிக் கத்தினேன். பம்பை நின்றது. அந்தப் பெரியவர் கைகூப்பிக்கொண்டு, சாமிக்கு இன்னா வேணும் என்று கேட்டார்.

"ஏரி" என்றான் ஏகாம்பரம். அவன் குரலே இல்லை அது. "ஏரிக்குப் போவணும்."

மலைக்கு என்று எழுந்த கூட்டம் அப்படியே நின்றது. ஏரிக்கா என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு, ஆமாம், ஏரிக்குத்தான் என்றேன். அதற்குப் பிறகு எழுந்த கேள்வி, எந்த ஏரி என்பது.

என் காலில் விழுந்த பெரியவர், நான் போகவேண்டிய அந்தப் பெரிய ஏரி ஊரில் நிலபுலம் உள்ளவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. தெய்வம் தன் ஊருக்குத்தான் வருகிறது என்று துண்டை இடுப்பில் கட்டினார். அப்போது குடமும் கையுமாக எங்கள் கூடவே தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்த ஒரு பெண் குறுக்கே வந்தாள். கன்னியம்மா என்று பெயர். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சித்தேரி ஊர்க்காரி. கூலி வேலை செய்கிறவள்.

"சாமி எந்தப் பக்கம் பாத்து சொல்லிச்சி? ரயில் ரோட்டுப் பக்கம் பாத்துல்ல சொல்லிச்சி. அங்க எங்க சித்தேரிதானே கீது" என்றாள்.

"சித்தேரி ஒரு ஏரியா? நாலு மாடு குடிச்சா வத்திப்பூடும்" என்றார் பெரியவர்.

இரண்டு ஊர்க்காரர்களும் இரண்டு பக்கமும் சேர்ந்துகொண்டு என் தடியை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்தார்கள். தண்ணீர் ஊற்றுவது நின்றுபோயிற்று. நான் துணியை விலக்கிப் பார்த்தேன். மூன்று பானைகளில் குஞ்சுகள் மேலே வந்து வரிசையாக வாயைத் திறந்துகொண்டிருந்தன. ஒரு பானை மட்டும் தெளிவாக இருந்தது. உத்தரவு பெரிய ஏரிக்கு. ஆனால் அது வண்டியில் போகிற தூரம். சித்தேரிக் கரை நாங்கள் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

சாமி இரண்டு ஊருக்கும் வரும் என்று சொன்னேன். தெளிவாக இருந்த பானையைப் பெரியவரிடம் கொடுத்து, வண்டியில் ஏற்றி, வழியெல்லாம் தண்ணீர் மாற்றவேண்டும், அது உங்கள் பொறுப்பு என்றேன். குழந்தையை வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டார். மற்ற மூன்றையும் தூக்கிக்கொண்டு கன்னியம்மாவின் பின்னால் ஓடினோம். பம்பையும் அரோகராவும் பின்னால் வர, சித்தேரியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் குஞ்சுகளை விட்டேன். ஏகாம்பரம் கரையில் உட்கார்ந்து, கொஞ்சம் மோர் கிடைக்குமா என்று தன் சொந்தக் குரலில் கேட்டான்.

இன்ஸ்பெக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். யாரைக் கேட்டு ஏரியை மாற்றினாய் என்றார். பானையைப் பார்த்தேன் சார், வேறு யாரையும் கேட்க நேரம் இல்லை என்றேன். போ என்று மட்டும் சொன்னார். தப்பித்தோம் என்று நினைத்தேன். தலைவலி கோடையில் வந்தது.

இலாகா குஞ்சு விட்ட ஏரிகளில் கோடையில் மீன் பிடிக்கிற உரிமையை ஏலம் விடுவார்கள். பெரிய ஏரி ஏலம் போயிற்று. சித்தேரியை எடுக்க வந்த காண்டிராக்டரிடம் ஊர்க்காரர்கள் கரையில் நின்று விஷயத்தைச் சொன்னார்கள். இது முருகன் விட்ட மீன், எடுப்பதென்றால் எடுங்கள், எங்களுக்கு ஒன்றும் இல்லை என்றார்களாம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏரியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த ரயிலுக்குப் போய்விட்டார். வலைக்காரர்கள் ஒருவரும் வலை எடுக்கத் தயாராக இல்லை. ஏரி நாளுக்கு நாள் வற்றிக்கொண்டு வந்தது. முழங்கை நீள மீன்கள் முதுகு தெரிய உலாவின. அப்படியே விட்டால் சேற்றில் கிடந்து நாறிப்போகும். ஊரில் கேழ்வரகுக் கூழுக்கே தட்டுப்பாடு.

சாமியை விட்டவன் நீ, நீயே எடு என்றார் இன்ஸ்பெக்டர். எடுக்காவிட்டால் அடுத்த ஆடிக்கு எனக்கும் ஏகாம்பரத்துக்கும் ஓலை வராது என்பதை அவர் வாயால் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை.

நான் கன்னியம்மாவைத் தேடிப் போனேன். வேர்க்கடலைக் கொல்லையில் வேலையாக இருந்தாள். தயங்கித் தயங்கி, அன்றைக்கு நாங்கள் கொண்டுவந்தது வேண்டுதல் மீன் இல்லை, சர்க்கார் மீன் என்று சொன்னேன். அவள் கையில் இருந்த செடியிலிருந்து மண்ணை உதறினாள்.

"ஆங், தெரியும். பானைக்கு அடியில நம்பரு எழுதியிருந்திச்சி. சாமி பானைக்கு இன்னாத்துக்கு நம்பரு?"

தெரிந்துமா தண்ணீர் ஊற்றினாய் என்று கேட்டேன். குஞ்சு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தால் ஊற்றாமல் என்ன செய்வது என்றாள். பிறகு ஏன் ஊரே சாமி மீன் என்கிறது என்றதற்கு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு விளக்கினாள். ஏலம் என்றால் வெளியூர்க்காரன் எடுப்பான். எடுத்த மீனைப் பெட்டியில் போட்டு மெட்ராசுக்கு ரயில் ஏற்றுவான். சித்தேரி ஜனம் கரையில் நின்று வாசனை பிடிக்கவேண்டியதுதான்.

"சாமி மீனுன்னா ஏலம் கெடயாது பாருங்க. தண்ணி வத்துனா சாமியே கையில எடுத்துக் குடுத்துடும். நாங்க சும்மா காத்துக்கினு கீறோம்" என்றாள்.

இதை இன்ஸ்பெக்டரிடம் அப்படியே சொல்லவில்லை. ஊருக்கே குத்தகையாகக் கொடுத்தால் அவர்களே பிடித்து, ஒரு பங்கைத் திருத்தணிச் சந்தைக்கு இலாகாவின் கணக்கில் அனுப்புவார்கள் என்று மட்டும் சொன்னேன். அவருக்கு யோசனை பிடித்திருந்தது. ஆனால் சாமி மீன் என்று இத்தனை நாள் சொன்ன ஊர், சர்க்கார் சொன்னவுடன் வலையை இறக்குமா? அவருக்கு ஒரு வழி தோன்றியது. விட்டது யார்மேல் வந்த சாமி? ஏகாம்பரம்தானே? அவனையே கூட்டிக்கொண்டுபோய் மறுபடியும் சாமி வரவழைத்து உத்தரவு வாங்கிவிடலாம் என்றார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஆபீஸ் குரலில் சொன்னார்.

ஏகாம்பரம் என்னிடம் தனியாகக் குமுறினான். "அன்னிக்கு எப்பிடி வந்திச்சின்னு எனக்கே தெரியாது. கூப்ட்ட ஒடனே வர்றதுக்கு அது இன்னா ஜட்கா வண்டியா?"

ஆனாலும் வந்தான். வேலை போய்விடுமே. சித்தேரிக் கரையில் ஊர் கூடியது. பம்பைக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். பம்பைக்காரர்கள் அடித்தார்கள், அடித்தார்கள், கை ஓயும்வரை அடித்தார்கள். ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டு கோயில் தூண்போல் நின்றான். கொஞ்சம் ஆடித்தான் பாரேன் என்று இன்ஸ்பெக்டர் பல்லிடுக்கில் சொன்னது எனக்குக் கேட்டது. அவன் காலை ஒரு பக்கம் அசைத்தான். அசைத்த காலில் முள் குத்தியது. குனிந்து முள்ளை எடுத்தான். ஜனங்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். சிரிப்பு வந்துவிட்டால் பிறகு எந்த உத்தரவும் எடுபடாது. என் அடுத்த சீசன் சேற்றில் இறங்கிக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அலறல். கன்னியம்மா முடி அவிழ்ந்து விழ, கரையில் சுழன்று ஆடிக்கொண்டு வந்து இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றாள். அவர் தானாகவே கைகூப்பினார்.

"என் ஊரு தண்ணியில என் மீனு. வெளியாள் வலை பட்டா வலை கிழியும். என் ஊரு பிடிக்கட்டும், என் ஊரு திங்கட்டும்" என்றாள்.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். சாமி சொல்வது நல்லதுதான், ஆனால் இலாகாவுக்கு ஒரு பங்கு வேண்டாமா, பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளலாமா என்று பணிவாகக் கேட்டார். கன்னியம்மாவின் ஆட்டம் கொஞ்சம் வேகம் குறைந்தது. யோசிக்கிறது தெரிந்தது.

"மூணுல ஒண்ணு" என்றது சாமி.

அடுத்த வருஷக் குஞ்சும் இலாகாதான் கொண்டுவரவேண்டும், அந்தச் செலவு இருக்கிறதே என்று இன்ஸ்பெக்டர் இழுத்தார். அதற்கு ஒரு பெரிய கூச்சல் போட்டு, கேட்ட பங்கிலிருந்து இறங்காமலே மலையேறிவிட்டாள். மூன்றில் ஒன்று என்று முடிவாயிற்று. ஊர் அரோகரா போட்டது. அது நிஜமா நடிப்பா என்று என்னைக் கேட்காதீர்கள். பக்கத்தில் நின்ற எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. அதேநேரம் பேரம் பேசுகிறாள் என்றும் தெரிந்தது. இரண்டும் சேர்ந்தே இருக்கமுடியும் என்பதை இந்த வேலையில் நீங்களும் பார்ப்பீர்கள்.

நாளைக் காலையில் முதல் வலை என்று பேசிக் கலைந்தார்கள். கன்னியம்மா முகம் கழுவிக்கொண்டு வந்து, மத்தியானம் ஆயிற்று, வெறும் வயிற்றோடு போகக்கூடாது, எங்கள் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று எங்கள் மூன்று பேரையும் அழைத்துப்போனாள். இலை போட்டுக் களியும், அதன்மேல் மணக்க மணக்க மீன் குழம்பும் ஊற்றினாள். பெரிய துண்டமாக ஒன்றை இன்ஸ்பெக்டர் இலையில் வைத்தாள். அவர் கடற்கரை ஊர்க்காரர். ஒரு வாய் வைத்ததும் முகம் மலர்ந்துபோயிற்று.

"அடடா. இன்றைக்குக் காலையில் தண்ணியிலிருந்து எடுத்த கெண்டை" என்றார்.

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கு உறைத்தது. கை இலைமேல் நின்றது. குத்தகை முடிவாகி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஏரியில் இன்னும் வலை இறங்கவில்லை. ஏகாம்பரம் தன் இலையைவிட்டுத் தலை நிமிரவில்லை. கரண்டியோடு நின்ற கன்னியம்மா வாசல் பக்கம் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அந்தத் துண்டத்தைப் பார்த்தார்.

அத்தனை வருஷ சர்வீஸில் எனக்கு மேலே எத்தனையோ அதிகாரிகள் வந்தார்கள். நான் மனசுக்குள் எழுந்து நின்று சலாம் போட்டது அவர் ஒருவருக்குத்தான், அதுவும் அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான். அவர் இலையை லேசாக முன்னால் நகர்த்தினார்.

"இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தும்மா" என்றார்.